பந்தும் கற்பூரமும்
ஜான் வெஸ்லி ஹையாட் என்னும் தொழில் மேதையின் வரலாறு

ஏலமலையில் வாழும் நமக்கு யானை புதிய விலங்கன்று. வண்டன்மேட்டிலிருந்து குமுளி சென்று சேர்ந்தால் அப்பாலே பெரியாற்றுக் காடு தொடங்கிவிடுகின்றது. 1934-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு வேட்டையைத் தடுத்துக் காத்த அக்காடு, 1978-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. ஆயினும் அதே காலத்திலேதான் தந்தத் திருடர்கள் அங்கே ஆண் யானைகளைத் தேடித் தேடிக் கொன்றனர். நம் நாட்டு யானைகளில் ஆணுக்கு மட்டுமே தந்தம் நீண்டு வளரும். 1990-களில் ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் யானைகள் ஏறத்தாழ நூறு என்னும் அவலநிலை தெரியவந்தது.

இத்தந்தத்தின்மேல் உலகுக்கு இத்துணை ஆசை வந்தது எதனால்? சிலை, சீப்பு, பியானோக் கட்டை, கத்திப்பிடி எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, பச்சைக் கம்பளம் விரித்த மேசைமீது கோலால் உருட்டி ஆடும் பில்லியர்ட்ஸ் பந்து. அப்பந்துக்குத் தந்தத்தை விட்டு வேறு பொருள் காண முனைந்து, அதன் பயனாக உலகின் முகத்தையே மாற்றிய ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் எழுத விழைகின்றேன். அவர் பெயர் ஜான் வெஸ்லி ஹையாட். இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு அவர்பால் தனிப்பட்ட பற்றும் உண்டு. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அவ்வாட்டத்தை நடத்திய வணிகர்களைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டில் 1819-ஆம் ஆண்டில் பிறந்த ஜான் பிரன்ஸ்விக் என்பவர் சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறி, வண்டி கட்டும் தச்சுத் தொழிலைக் கற்றார். 1845-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் தம் பட்டறையில் முதல் பில்லியர்ட்ஸ் மேசையைச் செய்தார். வண்டித் தச்சர் கையில் பிறந்த அந்நிறுவனமே பிற்காலத்தில் மேசை, ஆட்டக்கோல், பந்து ஆகிய அனைத்தையும் செய்து விற்ற பெருநிறுவனம் ஆயிற்று. அதே காலத்தில் நியூயார்க்கில் அயர்லாந்துக்காரரான மைக்கேல் ஃபீலன் என்பவர், தாமே சிறந்த ஆட்டக்காரராகவும் மேசை செய்யும் வணிகராகவும் விளங்கினார். 1859-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் 15,000 டாலர் பணயத்திற்கு ஆடி அவர் வென்ற போட்டி அந்நாடெங்கும் பேசப்பட்டது. அவரும் அவர் மருமகனார் காலெண்டரும் சேர்ந்து நடத்திய நிறுவனத்திற்கு ஃபீலன்-காலெண்டர் என்று பெயர். 1884-ஆம் ஆண்டில் பிரன்ஸ்விக் நிறுவனமும் காலெண்டர் நிறுவனமும் ஒன்றாயின.

நம் பக்கத்திற்கும் இவ்வாட்டத்தோடு தொடர்பு இல்லாமலில்லை. 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் வேடிக்கையாகத் தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டத்திற்கு, 1880-களில் நம் உதகமண்டலத்துக் கிளப்பிலேதான் விதிகள் எழுதப்பட்டன. தோட்டத்துரைமார்கள் வாழ்ந்த மலைகளில் எல்லாம் கிளப்பு இருந்தது. கிளப்பு இருந்த இடத்தில் பெரும்பாலும் இம்மேசையும் இருந்தது.

மேசைக்கு மரமும் கற்பலகையும், கோலுக்கு நேரான மரமும் எளிதில் கிடைத்தன. தொல்லை கொடுத்தது பந்துதான். தந்தத்தின் நடுவே நரம்புக்குழல் ஒன்று ஓடுகின்றது. அக்குழல் பந்தின் மையத்தின் வழியே செல்லுமாறு கடைந்தால் அன்றிப் பந்து நேராக உருளாது. ஒருபக்கம் கனத்துச் சாய்ந்து ஓடும். ஆதலால் தந்தத்தின் ஒரு பகுதியே பந்துக்கு உதவும். ஒரு தந்தத்திலிருந்து நல்ல பந்துகள் நான்கு அல்லது ஐந்துதான் கிட்டும். அவற்றையும் உடனே ஆட்டத்திற்கு எடுத்துவிட இயலாது. நெடுநாள் ஆறப்போட்டுப் பதப்படுத்த வேண்டும். அதன்பின்னும் குளிரிலும் வெப்பத்திலும் சுருங்கியோ வெடித்தோ கெடும். அத்தந்தமோ பெரும்பகுதி ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து சான்சிபார்த் துறைமுகத்திற்கு மனிதர் தோளில் ஏறி வந்தது. சுமந்தவர்களுள் அடிமைகளும் இருந்தனர். ஒரு செல்வரின் மாலைநேரப் பொழுதுபோக்கிற்குப் பின்னே இத்தனை உயிர்கள் இருந்தன என்பதை ஆடியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தந்தம் விலையேறுவதையும் அருகி வருவதையும் கண்டு வணிகர்கள் அஞ்சினர். யானைமேல் கொண்ட இரக்கத்தால் அன்று, கடைச்சரக்குத் தீர்ந்துவிடுமோ என்னும் கவலையாலேயே அஞ்சினர். 1863-ஆம் ஆண்டில் ஃபீலன்-காலெண்டர் நிறுவனத்தார், தந்தத்திற்கு மாற்றாக நல்ல பொருள் கண்டு தருவோர்க்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தனர். அக்காலத்தில் ஒரு தொழிலாளி வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் சேர்க்கவியலாத பெருந்தொகை அது. அவ்வறிவிப்பு ஆல்பனி நகரில் அச்சுக்கூடத்தில் உழைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் செவிக்கு எட்டியது.

ஜான் வெஸ்லி ஹையாட் 1837-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ஸ்டார்க்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கருமான். ஊர்ப்பள்ளியிற் பயின்றபின் ஓராண்டு மேற்படிப்பு. அவ்வளவே அவர்தம் கல்வி. பதினாறாம் அகவையில் வீட்டை விட்டு இல்லினாய் மாநிலம் சென்று அச்சுத்தொழில் பழகினார். வேதியியல் நூலைக் கைதொட்டறியாதவர். ஆனால் கை சும்மா இருக்காத பிறவி. 1861-ஆம் ஆண்டிலேயே கத்தி தீட்டும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது முதற்கொண்டு வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை.

பரிசுச் செய்தி அறிந்தபின் பகலெல்லாம் அச்சுக்கூடத்தில் உழைத்து, இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பந்து செய்யும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மரத்தூளையும் காகிதக் கூழையும் அரக்கையும் கலந்து அழுத்திப் பார்த்தார். 1865-ஆம் ஆண்டில் அவ்வகைப் பந்துக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் ஆட்டக்காரர்கள் அதனை ஏற்கவில்லை. தந்தப் பந்துகள் மோதும்போது எழும் ஒலியும் துள்ளலும் அதற்கு இல்லை. அம்முயற்சியினின்று கிளைத்த மற்றொரு வழியில், அழுத்திய மரக்கூழால் சதுரங்கக் காய் போன்ற ஆட்டக்காய்கள் செய்யும் தொழிலை உடன்பிறந்தாரோடு நடத்தினார். தோல்வியிலிருந்தும் நாலு காசு எடுக்கத் தெரிந்தவர் என்பதற்கு இதுவே சான்று.

நிற்க. அச்சுக்கோப்போர் விரல் தேயாதிருக்கக் கொலோடியன் என்னும் நீர்மத்தைத் தடவிக்கொள்வது அந்நாள் வழக்கம். பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்து, அதனை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கிடைப்பது கொலோடியன். காய்ந்தவுடன் மெல்லிய தோல்போல் விரலில் படியும். ஒருநாள் ஹையாட் அலமாரியைத் திறந்தபோது கொலோடியன் குப்பி சாய்ந்து, வழிந்த நீர்மம் இறுகி, கைவிரல் நகத்தை ஒத்த தகடாகிக் கிடந்தது. கண்டவர் ஆயிரம் பேர் இருந்திருப்பர். இது தந்தம்போல் ஆகுமே என்று எண்ணியவர் இவர் ஒருவரே.

உடனே பந்தின்மேல் அதனைப் பூசத் தொடங்கினார். பந்து பளபளத்தது, ஆனால் அதன் மேற்பூச்சு வெடிப்பஞ்சுக்கு நெருங்கிய உறவு. சுருட்டு நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். வேகமாக மோதினால் சில வேளைகளில் சிறு வெடிச்சத்தமும் எழும். கொலராடோ மாநிலத்து மதுக்கடைக்காரர் ஒருவர் ஹையாட்டுக்குக் கடிதம் எழுதி, பந்து வெடிப்பதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்றும், ஒவ்வொரு சத்தத்திற்கும் கடையில் உள்ளவர் அனைவரும் துப்பாக்கியை உருவுவதே தொல்லை என்றும் தெரிவித்தாராம். முதுமையில் ஹையாட் தாமே இதனைக் கூறி மகிழ்வது உண்டு.

பூச்சு மட்டும் போதாது, பந்து முழுவதுமே அப்பொருளால் ஆகவேண்டும் என்று துணிந்தார். கொலோடியனைக் கெட்டிப்படுத்தினால் சுருங்கிக் கோணுகின்றது. கரைப்பான் ஆவியாகிப் போகப் போக வடிவம் கெடுகின்றது. இதற்கு மருந்தாக அவர் கண்டது யாது? நாம் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் ஏற்றும் கற்பூரமேயாகும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் 1862-ஆம் ஆண்டிலேயே இவ்வகைப் பொருளைச் செய்து காட்டியிருந்தார். அவர் பயன்படுத்திய பல எண்ணெய்களுக்கு இடையே கற்பூரமும் ஒன்றாக இருந்தது. ஹையாட் கண்ட நுட்பமோ வேறு. வேறெந்தக் கரைப்பானும் மிகுதியாக இன்றி, கற்பூரத்தையும் அமிலமேறிய பஞ்சையும் கலந்து, வெப்பமும் அழுத்தமும் ஒருங்கே கொடுத்தால், கற்பூரம் உருகிப் பஞ்சோடு ஒன்றிவிடும். அப்பொருள் மாவுபோல் எந்த வடிவிற்கும் இசையும், ஆறினால் கெட்டியாகும், மீண்டும் சூடேற்றினால் மீண்டும் இசையும். இன்று வீட்டுக் குடம் முதல் பேனா வரை பிளாஸ்டிக்கில் வார்க்கின்றார்களே, அத்தொழிலின் தாய்வித்தை இதுவே.

இச்சோதனை நடந்த விதம் மறக்கத்தக்கதன்று. சார்லஸ் சீலி என்னும் வேதியியல் அறிஞர், இப்பொருளைச் சூடேற்றினால் கட்டடமும் அதிலுள்ள மனிதரும் தப்ப மாட்டார்கள் என்று எச்சரித்தார். ஹையாட்டும் அவர் தமையனார் ஐசயாவும் மறுநாளே கனத்த பலகை ஒன்றைத் தங்களுக்கும் அழுத்துபொறிக்கும் நடுவே நிறுத்தி, பொருளை அளவுக்கு மீறிச் சூடேற்றிப் பார்த்தனர். பொறியின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறிப் புகை மண்டியது. ஆனால் பொறியும் இருந்தது, கூரையும் இருந்தது, அண்ணன் தம்பி இருவரும் இருந்தனர். படிப்பில்லாமை இவருக்குத் துணிவைத் தந்தது என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. பின்னர் அவர் தொழிற்சாலையில் நிகழ்ந்த தீ விபத்துகளைப் பார்க்கும்போது அறிஞர் அஞ்சியது முழுதும் வீண் அச்சம் என்று சொல்வதற்கில்லை.

1870-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் உடன்பிறந்தார் இருவர் பெயரிலும் காப்புரிமை வழங்கப்பட்டது. செல்லுலாய்டு என்னும் பெயரைச் சூட்டியவர் ஐசயா. பரிசை நாடித் தொடங்கியவர், கண்டுபிடிப்பைப் பரிசுக்காரர் கையில் கொடுக்காமல் தாமே தொழில் தொடங்கினார். ஆல்பனியில் பந்து செய்யும் நிறுவனம் ஒன்று; பொய்ப்பல்லுக்கு ஈறுத்தகடு செய்யும் நிறுவனம் மற்றொன்று. பல்தகட்டில் கற்பூர வாடை வீசியது. சூடான பானம் குடித்தால் சில தகடுகள் வாயிலேயே கோணியதும் உண்டு. பின் நியூயார்க் முதலாளிகளின் துணையோடு, 1872-73-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தொழிற்சாலை நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகருக்கு மாறிற்று. அங்கே பலமுறை தீப்பற்றியது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அஞ்சிய அயலார் ஒருபுறம், வழக்குத் தொடுத்த எதிரிகள் ஒருபுறம். பார்க்ஸிடம் பணியாற்றிய டேனியல் ஸ்பில் என்பவர் தமக்கே உரிமை என்று வழக்காடினார். 1880-ஆம் ஆண்டில் அவர் பக்கம் தீர்ந்த வழக்கு 1884-ஆம் ஆண்டில் மாறியது. கற்பூரத்தின் பயனை முதலில் கண்டவர் பார்க்ஸே, ஆதலின் ஸ்பில்லுக்குத் தனியுரிமை இல்லை என்று முடிந்தது. ஹையாட்டுக்குத் தொழில் தடைப்படவில்லை. முதல்வர் என்னும் பட்டம் மட்டும் கிட்டவில்லை.

செல்லுலாய்டு சீப்பாயிற்று, கண்ணாடிச் சட்டமாயிற்று, துவைக்காமல் துடைத்தே அணியும் சட்டைக் கழுத்துப்பட்டியாயிற்று, குழந்தைகளின் பொம்மையாயிற்று. 1880-களின் இறுதியில் அதனை மெல்லிய சுருளாக்கி ஒளிப்படத்திற்குப் பயன்படுத்தினர். அதிலிருந்து சினிமா பிறந்தது. தென்னாட்டின் முதல் மௌனப்படமான நடராச முதலியாரின் கீசகவதமும், 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும்படமும் இச்சுருளில் எடுக்கப்பட்டவையே. இவ்விரண்டும் இன்று ஒரு பிரதியும் இன்றி அழிந்தன. அக்காலச் சுருள் எளிதில் தீப்பற்றும்; பேணாது விட்டால் தானே மக்கிப் பொடியாகும். கற்பூரம் கலந்த பொருளுக்குக் கற்பூரத்தின் விதி வாய்த்தது போலும்.

ஹையாட் ஒரு பொருளோடு நின்றவர் அல்லர். 1880-களில் தமையனாரோடு சேர்ந்து குடிநீர் வடிகட்டும் பொறியில் கருத்தைச் செலுத்தினார். கலங்கிய நீரில் நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டும் படிகாரத்தைச் சுழற்றியும் தெளியவைப்பார்களே, அதே முறையைக் குழாய்க்குள் புகுத்தி, மருந்து சேர்ந்தவுடன் அழுக்கு திரண்டு மணற்படுகையில் தங்க, தெளிந்த நீர் தடையின்றி வெளிவருமாறு செய்தனர். நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் அது பெரிதும் உதவியது. ஆலைப் பட்டைகளைத் தைக்க ஒரே வேளையில் பல தையல்களைப் போடும் பொறியையும் கண்டார். கரும்பு பிழியும் ஆலை ஒன்றையும் வகுத்தார்.

இக்கரும்பாலையிலிருந்துதான் எனக்குப் பற்று ஏற்படுத்திய பொருள் பிறந்தது. ஆலையின் கனத்த அச்சு உராய்ந்து சூடேறுவதைக் கண்டு, எஃகுப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய வளையும் உருளைகளை அச்சைச் சுற்றி அமைத்தார். அதுவே ஹையாட் ரோலர் பேரிங். 1892-ஆம் ஆண்டில் அதற்கென நிறுவனம் அமைந்தது. இரயில்வேக்காரர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பழைய அச்சுப்பெட்டிகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவை அடைத்துவைப்பார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு பழுத்துப் புகையும். ஹாட் ஆக்ஸில் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நிலையமே பரபரக்கும். அந்த வண்டியைக் கழற்றி ஓரத்தில் ஒதுக்க வேண்டும், சரக்குக்கு உரியவர் கவுண்டருக்கு முன்வந்து நின்று என்னைப் போன்ற எழுத்தரைக் கேள்வி கேட்பார். ரோலர் பேரிங் பரவியபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. அவ்வகை பேரிங்குகளைச் செய்தவர் உலகில் பலர். அவர்களுள் ஹையாட் முன்னோடி.

ஆனால் கண்டுபிடித்தவருக்கு விற்கத் தெரியவில்லை. 1895-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஸ்லோன் என்னும் இருபது வயது இளைஞர் படம் வரையும் வேலைக்கு அங்கே சேர்ந்தார். மூடும் நிலைக்கு வந்த நிறுவனத்தில் அவர் தந்தையார் பணம் போட, மகனார் பொறுப்பேற்று, அப்போதுதான் முளைத்த மோட்டார்க் கார்களுக்கு பேரிங் விற்று அதனை நிமிர்த்தினார். 1916-ஆம் ஆண்டில் 135 இலட்சம் டாலருக்கு அது கைமாறிற்று. அந்த ஸ்லோன்தான் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மாபெரும் நிறுவனத்தின் தலைவரானார். ஹையாட்டின் பெயர் பேரிங்கில் பொறிக்கப்பட்டது. செல்வம் பிறரிடம் சேர்ந்தது.

இனி, ஹையாட் யானைகளைக் காத்தவர் என்று பலரும் எழுதுகின்றனரே, அது மெய்தானா என்று பார்ப்போம். அவர் பந்து சந்தைக்கு வந்தபின்னும் தந்த வாணிபம் குறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் பெருகவே செய்தது. பியானோவுக்கும் கத்திப்பிடிக்கும் தந்தம் குவியல் குவியலாகப் போயிற்று. தேர்ந்த ஆட்டக்காரர்கள் 1920-கள் வரையில் தந்தப் பந்தையே விரும்பினர். சிற்றூர் மதுக்கடைகளிலும் ஏழை எளியோர் ஆடும் கூடங்களிலும் மட்டுமே மாற்றுப் பந்து உருண்டது. செல்லுலாய்டால் உண்மையில் பிழைத்தது யானையைவிடக் கடலாமை என்று சொல்லலாம். ஆமையோட்டுச் சீப்பின் இடத்தைச் செல்லுலாய்டுச் சீப்பு பற்றிக்கொண்டது. யானைக்குக் காப்பு வந்தது சட்டத்தால். 1989-ஆம் ஆண்டில் நாடுகள் கூடி உலகத் தந்த வாணிபத்தைத் தடை செய்தன. அதற்குள் நம் பெரியாற்றுக் காட்டின் கொம்பன்கள் பெரும்பாலும் மாண்டுவிட்டன.

மாற்றுப் பொருள் கண்டுவிட்டால் பழைய பொருளின்மேல் ஆசை தானே விலகும் என்று எண்ணிய வணிகர்களின் கணக்கு இவ்வாறு பொய்த்தது. மலிவான பந்து வந்ததால் ஆடுவோர் தொகை பெருகிற்று; பெருகியவருள் செல்வம் சேர்ந்தவர் தந்தப் பந்தை நாடினர். இதனால் ஹையாட்டின் பெருமை குறைவதாக நான் கருதவில்லை. யானையைக் காப்பதாக அவர் எங்கும் உறுதி கூறியவர் அல்லர். தந்தம்போல் ஒரு பொருள் செய்ய முயன்றார், செய்தார்.

1914-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதித்தொழில் அறிஞர்கள் அவருக்குப் பெர்க்கின் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தனர். ஓராண்டு மேற்படிப்பே படித்த அச்சுத் தொழிலாளி, அறிஞர் அவையில் எழுபத்தாறாம் அகவையில் எழுந்து தம் பழைய சோதனைகளை நகைச்சுவையோடு விளக்கினார். 1920-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவையில், நியூஜெர்சி மாநிலத்து ஷார்ட் ஹில்ஸ் என்னும் ஊரில் காலமானார்.

ஆல்பனியில் அவர் தொடங்கிய பந்துத் தொழிலகம் பின்னர்ச் செல்லுலாய்டு வழியைவிட்டு, பேக்லண்டு என்னும் பெல்ஜிய அறிஞர் 1907-ஆம் ஆண்டில் கண்ட பேக்கலைட்டுக்கு மாறியது. இன்று உலகில் ஆடப்படும் உயர்ந்த பில்லியர்ட்ஸ் பந்துகள் அவ்வினத்தைச் சேர்ந்த பினாலிக் பிசினால் ஆனவை, சுருங்குவதில்லை, வெடிப்பதில்லை. செல்லுலாய்டு நெடுங்காலம் நிலைத்து நின்றது, நம் பிள்ளைகள் மன்றத்தில் தட்டி ஆடும் மேசைப் பந்தாட்டத்து வெள்ளைப் பந்தில்தான். அதற்கும் 2014-ஆம் ஆண்டில் உலக அமைப்பு வேறு பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொண்டது. பழைய பந்து ஒன்று உடைந்து கிடந்தால் முகர்ந்து பாருங்கள், கற்பூரம் மணக்கும்.